யார் உத்தரவு போட்டது? (5 மதிப்பெண்)

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது' என்று ஒரு பாடம் உண்டு. ஆளுநருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், சட்டமன்ற உறுப்பினருக்கு 25 போதும், முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார். பிள்ளைகள் உருப்போட்டு எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். யாருக்கு எத்தனை வயது, யார் யாரை நியமிப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அரசு எவ்வாறு செயல்படுகிறது என்பது மட்டும் தெரியாது.

இதற்கு நல்ல மாற்று ஒன்று இருக்கிறது: வாய்மொழி வரலாறு. பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுத்து, அரசோடு மல்லுக்கட்டியவர்களிடம் போய்க் கேட்டுப் பதிவு செய்யச் சொல்வது. நல்ல யோசனை என்பதாலேயே கல்வித்துறை கையில் சிக்கினால் அதன் கதி என்ன என்பதையும் ஊகிக்கலாம். முதலில் சுற்றறிக்கை வரும். பேட்டி எடுக்கத் தகுந்தவர்கள் பட்டியல் இணைப்பில் இருக்கும்: ஓய்வுபெற்ற தாசில்தார், வட்டாரப் பிரமுகர், 'சமூக ஆர்வலர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தவர். கேள்விகளும் தயாராக வரும். முதல் கேள்வி: 'அரசின் சாதனைகளில் தங்களை மிகவும் கவர்ந்தது எது?' பேட்டி எடுப்பதுபோல ஒரு போட்டோ பிடித்து மாலை நாலு மணிக்குள் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஆசிரியருக்கு மெமோ. சர்வர் படுத்துவிட்டால் அதற்கும் ஆசிரியருக்கே மெமோ.

அந்தச் சுற்றறிக்கை வருவதற்குள் என் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பேட்டி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம். 'ஐயா, பட்டா மாறுதலுக்கு வி.ஏ.ஓ. காசு கேட்கிறார் என்று கலெக்டரிடம் மனு கொடுத்தால் அது எங்கே போகும்?' அவர் விளக்குவார். கலெக்டர் வாங்குவார். நம்பர் போடுவார்கள். தாசில்தாருக்குப் போகும். தாசில்தார் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு அனுப்புவார். ஆர்.ஐ. யாருக்கு அனுப்புவார்? வி.ஏ.ஓ.வுக்கு. வி.ஏ.ஓ. தன்மீதான புகாரைத் தானே தீர விசாரித்து, 'ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதுவார். அந்தக் காகிதம் வந்த வழியே படியேறி மனுதாரருக்குத் திரும்பும். அதிகாரப் படிநிலையை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் விளக்காது.

கூடவே இன்னொரு கேள்வி. மனு கொடுக்க வருகிறவர்களின் பையைப் போலீஸ் ஏன் துழாவுகிறது? மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க. 2017 அக்டோபர் 23, நெல்லை கலெக்டர் அலுவலகம். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் வெந்தார்கள். நாலு பேரும் செத்துப்போனார்கள். ஏற்கெனவே மனு கொடுத்து நடையாய் நடந்த குடும்பம் அது. அரசு உடனே பாடம் கற்றுக்கொண்டது. மனுவைப் படிக்க ஆள் போடவில்லை. பையைச் சோதிக்க ஆள் போட்டது. அந்தக் கொடுமையைக் கேலிச்சித்திரமாக வரைந்த பாலாவை அடுத்த மாதமே கைது செய்தது. செத்தவர் கொடுத்த மனு மாவட்டத்துக்குள்ளேயே நகரவில்லை. கலெக்டர் கொடுத்த புகார் சென்னைக்குப் பறந்து, ஆளையும் நெல்லைக்குத் தூக்கிவந்தது. அரசு இயந்திரம் மெதுவாக ஓடும் என்று எவன் சொன்னான்?

இரண்டாவது பேட்டி, பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளிடம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளன் உள்ளிட்ட ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் நடப்பார் என்பது பாடம். ஆளுநர் இரண்டு வருடத்துக்கு மேல் கோப்பின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவெடுக்க வேண்டியவர் குடியரசுத் தலைவர் என்று கைகாட்டினார். கடைசியில் 2022 மே 18 அன்று பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஓர் அரசின் முடிவு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று ஒரு தாய் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

மூன்றாவது, வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தன. ஒரு சாதிச் சான்றிதழுக்குத் துறை துறையாக அலையவிடுகிற அரசு, அன்று மூன்று துறைகளை எத்தனை அழகாக ஒருங்கிணைத்தது! வீடுகளை நொறுக்கினார்கள். ஆடுமாடுகளைக் கொன்றார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அவர்களில் சிறுமியும் உண்டு. பிறகு அந்த மக்களையே குற்றவாளிகள் என்று சிறையில் தள்ளினார்கள். கோப்பு, முத்திரை, துப்பாக்கி எல்லாம் அரசுப் பக்கம். அந்தப் பெண்களிடம் இருந்தது வாய் ஒன்றுதான். அதை வைத்தே ஜெயித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது.

அந்தப் பெண்களிடம் பிள்ளைகளை அனுப்பச் சொல்லமாட்டேன். 31 வருடம் அவர்கள் சொல்லியாயிற்று. மறுபடி சொல்லவைப்பது இன்னொரு கொடுமை. செல்போனை எதிர்ப்பக்கம் நீட்டட்டும். அன்றைய மாவட்ட நிர்வாகத்தில் இருந்தவர்களிடம் ஒரே கேள்வி: 'யார் உத்தரவு போட்டது?' அப்போது தெரியும், ஞாபகமறதி எந்தப் பதவியில் தொடங்குகிறது என்று.

நாலாவது பேட்டியை அரசே எடுத்து முடித்துவிட்டது. 2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள்மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் பலி. காவல்துறையைத் தன் கையில் வைத்திருந்த முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, டிவியைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும் என்றார். மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடையை எந்த மாணவனும் எழுத முடியாது. துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க அரசு அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முதலமைச்சர் சொன்னது சரியில்லை, தகவல் உடனுக்குடன் போய்க்கொண்டுதான் இருந்தது என்று எழுதியது. 17 போலீசார்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. புதிய ஆட்சி 2022இல் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தது, ஆவேசமாகப் பேசியது, இழப்பீட்டை உயர்த்தியது. சுட்டதற்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் யாரும் இல்லை. சுடுவதற்கு ஓர் ஆட்சி, அறிக்கை வாசிக்க ஓர் ஆட்சி: வேலையைப் பகிர்ந்து கொள்வதில் இரண்டு கழகங்களுக்கும் சண்டையே இல்லை.

இந்தப் பாடத்தை நிஜமாகவே நடத்துகிற ஆசிரியருக்கு மெமோ போதாது, கடும் தண்டனைக்கான 17-பி குற்றச்சாட்டே வரும் என்று தெரியும். அவரை விடுங்கள். ஆட்சியாளர்களே, ஆணையத்தில் அந்த ஆயிரம் சாட்சிகள் சொன்னதை நீங்களே அச்சிட்டு ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் அனுப்புங்கள். காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலமைச்சர் படம் போட்டுப் புத்தகப்பை அடிக்கக் காசு இருந்தது. ஐந்து வருடத்தில் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள் இதையெல்லாம் படித்துவிட்டு வருவார்களே என்று பயமாக இருக்கிறதா? அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிவு செய்துகொள்கிறோம்.