பெரியபாளையத்தில் கரண்ட் பாயின்ட் உண்டா?

டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன், விடுமுறை கிடைத்தால் போதும், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏதாவதொரு மாநிலப் பூங்காவில் போய்க் கூடாரம் அடித்துவிடுவான். திரும்பி வந்ததும் போனில் எனக்கு அறிக்கை வாசிப்பான். இந்தப் பூங்காவில் வெந்நீர் தாராளம். அந்தப் பூங்காவில் கரண்ட் பாயின்ட் கைக்கெட்டும் தூரத்தில். ஒவ்வொரு கூடாரத்துக்கும் நம்பர் போட்ட இடம், ஒரு மர மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம். இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை யாரும் சத்தம் போடக் கூடாது. "உங்க பக்கம் இதெல்லாம் எங்க இருக்கு அண்ணா?" என்று இரக்கத்தோடு முடிப்பான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெட்டவெளியில் படுப்பதைப் பற்றித் திருவள்ளூர் மாவட்டத்துக்காரனுக்குப் பாடமா? இங்கே வீரராகவப் பெருமாளே இடம் கேட்டுத்தான் படுத்தார். சாலிஹோத்ர முனிவர் விரதம் முடித்துச் சாப்பிட வைத்திருந்த மாவைக் கிழவர் வேஷத்தில் வந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சரி, எங்கே படுப்பது?" என்றாராம். முனிவர் தம் குடிலைக் காட்டினார். வந்தவர் படுத்தவர்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. ஆன்லைன் புக்கிங் கிடையாது, அறையைக் காலி செய்யும் நேரமும் கிடையாது. அவரைப் பார்த்துத்தானோ என்னவோ, தை அமாவாசைக்கு முந்தின இரவே ஜனங்கள் வந்து வீரராகவர் கோயில் பக்கம் துண்டை விரித்துவிடுகிறார்கள். காலையில் ஹிருத்தாபநாசினி குளத்தில் முழுக்கு. பாலும் வெல்லமும் குளத்துக்கே. மதிப்பெண் போடுகிறேன்: பாதுகாப்பு நூற்றுக்கு நூறு. ஆயிரம் பேர் சுற்றிப் படுத்திருக்கும் இடத்தில் திருடனுக்குக் கால் வைக்கவே இடமிருக்காது. கொசுவுக்கு மட்டும் எங்கேயும் இடமிருக்கிறது.

ஆனால் எங்கள் மாவட்டத்தின் அசல் கேம்ப் பெரியபாளையம்தான். ஆடி பிறந்துவிட்டால் வாரக்கணக்கில் திருவிழா. சனிக்கிழமை சாயங்காலம் வேனிலும் மினி லாரியிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும். அண்டா, அடுப்பு, தார்ப்பாய், பாய் தலையணை, கால் கட்டிய இரண்டு கோழி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டி. ஆரணி ஆற்றுப் பக்கமும் தோப்புகளிலும் தார்ப்பாய் ஏறும். எந்த இடம் என்று எண் போட்டுக் கொடுக்க யாரும் இல்லை. முதலில் இறங்கும் அத்தை நாலு மூலையிலும் நாலு செருப்பைப் போட்டால் அதுதான் பட்டா. ஞாயிறு விடிகாலை வேப்பிலை கட்டிக்கொண்டு பவானி அம்மனைச் சுற்றி வருவார்கள், பொங்கல் பொங்கும், பதினொரு மணிக்குக் கோழி குழம்பாகிவிடும். பக்கத்துக் கூடாரத்துக்கு ஒரு கிண்ணம் போகும், அங்கிருந்து ஒரு கிண்ணம் வரும். டெக்சாஸில் பக்கத்துக் கூடாரத்துக்காரன் கையாட்டிவிட்டு ஜிப்பை இழுத்துக்கொள்வானாம்.

இரவு பத்து மணி விதியைப் பற்றிக் கேட்டீர்களானால், பெரியபாளையத்தில் பத்து மணிக்குத்தான் பம்பை சூடு பிடிக்கும்.

சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனிடம் போகிறார்கள். வீடு கிடைத்த பிறகு, ஒரு ராத்திரியாவது அதை விட்டு ஓடி வந்தால் போதும் என்று பெரியபாளையம் வருகிறார்கள். இரண்டு ஊரும் ஒரே மாவட்டத்தில் அமைந்தது யார் போட்ட திட்டமோ தெரியவில்லை.

பழமையில் மட்டும் குடியம் குகைகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் பாறைக் குடைவுகள். 1960-களில் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது, கற்கருவிகள் கிடைத்தன. பக்கத்து அத்திரம்பாக்கத்தை 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டுபிடித்தார்; அங்கே கிடைத்த கல் கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்களும் குப்பையை அப்படியே போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குப்பைக்குப் பூண்டியில் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பிஸ்கட் கவருக்கு அந்த யோகம் இருப்பதாகத் தெரியவில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது குடியமும் அதில் சேர்ந்தது. பணம் கட்டி, வழிகாட்டியோடு, பகலில் நடந்துவிட்டு வரலாம். இத்தனை லட்சம் ஆண்டுப் பாரம்பரியம் உள்ள இடத்தில் ராத்திரி தங்க ஆசைப்பட்டால் மட்டும் நடக்காது.

பழவேற்காட்டையும் விட்டுவிடக் கூடாது. டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் மட்டும் எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு ஜோராக இருக்கின்றன. தங்கும் வசதி பற்றி அவர்களிடமிருந்து இதுவரை புகார் இல்லை.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். போன மே மாதம் எங்கள் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ஏரிக்கரையில் கூடாரம், பார்பிக்யூ, 'கேம்ப் ஃபயர்', ஆளுக்கு இவ்வளவு. அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவர் இரும்பு உருக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவர். "காசு குடுத்து நெருப்புகிட்ட உக்காரணுமா சார்?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நோட்டீஸைவிட உருப்படியான கேம்ப் எளாவூர் சோதனைச் சாவடிப் பக்கம் தினமும் நடக்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசை கட்டிய லாரிகள். ஒருவர் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருப்பார். அவருக்குத்தான் நிழலும் உண்டு, காற்றும் உண்டு. இன்னொருவர் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் முழு அடுக்களை: ஸ்டவ், குக்கர், மிளகாய்த் தூள். ஒடிசா ஆளும் நாமக்கல் ஆளும் ஒரே ஸ்டவ்வில் டீ போடுகிறார்கள். பாஷை புரிவதில்லை, சர்க்கரை அளவு புரிந்துவிடுகிறது. சமையல் வசதிக்கு என் முதல் பரிசு இவர்களுக்கே.

இத்தனையும் அடுக்கிச் சொன்ன பிறகு தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பாத்ரூம் எப்படிண்ணா?"

லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

நியாயமான கேள்விதான். விடியற்காலை நாலு மணிக்கு, ஊர் எழுவதற்குள் போய்விட்டு வர வேண்டும் என்று கையில் டார்ச்சோடு துணைக்கு ஆள் தேடும் பெண்களை எந்தத் திருவிழாவிலும் பார்க்கலாம். சட்டைப்பையில் பணத்தோடு நாலு பேர் கூடாரம் போட்டால் அது சுற்றுலா, உடனே வசதி வருகிறது. வேண்டுதலோடு லட்சம் பேர் தார்ப்பாய் கட்டினால் அது கூட்டம், தடுப்புக்கட்டைதான் வருகிறது. பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மர மேசை வேண்டாம், கரண்ட் பாயின்ட் வேண்டாம், இரும்பு வளையம் வேண்டவே வேண்டாம், மூன்று செங்கல் எங்களிடம் இருக்கிறது. அடுத்த ஆடிக்குள் கூட்டத்துக்குத் தக்கபடி கழிப்பறை கட்டுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், போகிற வழியில் ஒரு விளக்கு.