அப்போ உங்க ஆளு?

அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதிபர் தேர்தல் நடப்பதாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஓஹையோ, பென்சில்வேனியா பக்கத்துச் சிற்றூர்களில் அது தினமும் காலை ஏழு மணிக்கு நடக்கிறது. இடம், நெடுஞ்சாலையோரத்து டைனர். முட்டையும் பான்கேக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்கும் சிற்றுண்டிக் கடை. அங்கே ஜன்னலோர மூலை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஊருக்கு ஊர் இப்படி ஒரு ஜோடி உண்டு என்பதால் பெயர் சொல்லிக் கட்டுப்படியாகாது. ரிபப்ளிகன் கட்சிக்காரரைச் சிவப்பர் என்போம், டெமாக்ரட் கட்சிக்காரரை நீலர் என்போம். இந்த நிறப் பிரிவினை ஏதோ ஆதிகாலத்துச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடாவின் முடிவு வாரக்கணக்கில் இழுத்தபோது, தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டிய வரைபடத்தால் நிலைத்துப்போன வண்ணங்கள் அவை. ஆனால் இவர்கள் இருவரும் தாயின் வயிற்றிலிருந்தே அந்தந்தச் சாயத்தில் தோய்ந்து வந்ததாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

சிவப்பருக்கு அடையாளம், தலையில் தொப்பி, வாசலில் பிக்கப் வண்டி. வண்டியின் பின்பக்கத்தில் நான்கு தேர்தல்களின் ஸ்டிக்கர்கள்; அவற்றைப் பிய்த்தால் பம்பர் கழன்று விழுந்துவிடும் என்கிறார்கள். நீலர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். துணிப்பையில் செய்தித்தாள் நறுக்குகள், தேதிவாரியாக. காப்பி தீரத் தீர வந்து ஊற்றுவார்கள், கூடுதல் காசு கிடையாது. அமெரிக்க அரசியல் விவாதங்கள் இவ்வளவு நீளமாக இருப்பதற்கு அந்த ஏற்பாடே காரணம் என்பது என் சந்தேகம்.

வரி, சாலை, பள்ளிக்கூடம் என்று பேச எவ்வளவோ இருக்க, இருவரும் கையிலெடுப்பது ஒரே விஷயத்தைத்தான்: தலைவர்களின் நேர்மை. நிக்ஸன் காலத்தில் தொடங்கிய வழக்கு இது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. இருவருமே நீதிபதி, இருவருமே வக்கீல், சாட்சிக் கூண்டில் யாருமில்லை என்றால் தீர்ப்பு எங்கிருந்து வரும்?

முதல் கோப்பையை ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அர்ப்பணிப்பார்கள். "செர்ரி மரத்தை வெட்டிட்டு, நான்தான் வெட்டினேன்னு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டாரே, அந்த மாதிரி மனுஷன் இனிமே வருவானா?" என்று இருவரும் ஒரே குரலில் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் கதை வீம்ஸ் என்கிற பாதிரியாரும் புத்தக வியாபாரியுமானவர் தம் வாஷிங்டன் வரலாற்றின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில் புகுத்தியது. அதற்கு முன் அந்த மரத்தை ஒருவரும் பார்த்ததில்லை. பொய்யே சொல்லாத தலைவர் என்று நிறுவ ஒரு பொய் தேவைப்பட்ட நாட்டில், மேற்கொண்டு நடக்கும் விவாதத்தைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் கேட்க வேண்டும். இது வரலாற்று வாத்தியாரான நீலருக்கும் தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்.

இரண்டாவது கோப்பையில் ஆட்டம் சூடுபிடிக்கும். நீலர் பையிலிருந்து ஒரு நறுக்கை உருவுவார்.

"முதல் நாலு வருஷத்துல 30,573 தடவை. தப்பாவோ திரிச்சோ பேசினதை வாஷிங்டன் போஸ்ட் எண்ணி வச்சிருக்கு. டிரம்ப் வாயைத் திறந்தாலே எழுதுறவனுக்குக் கை வலிச்சிருக்கும்."

சிவப்பர் அசரமாட்டார். அமெரிக்க அரசியல் சாசனத்தில் எழுதப்படாத, ஆனால் மற்றெல்லா விதிகளையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் விதி ஒன்று அவர் கைவசம் இருக்கிறது.

"அப்போ உங்க ஆளு?"

அவ்வளவுதான். குற்றச்சாட்டு அந்தரத்தில் நின்றுவிடும்.

"பிடிச்ச இன்ஷூரன்ஸை அப்படியே வச்சுக்கலாம்னு ஒபாமா சொன்னாரே! அந்த வருஷத்தோட பெரிய பொய் அதுதான்னு 2013-ல பொலிட்டிஃபாக்ட் பட்டமே கொடுத்துச்சு."

பொலிட்டிஃபாக்ட் என்பது தலைவர்களின் பேச்சைச் சரிபார்த்து மதிப்பெண் போடும் பத்திரிகை அமைப்பு. ஆண்டின் மற்ற 364 நாளும் சிவப்பருக்கு அது கூலிக்கு மாரடிக்கும் கூட்டம். ஒபாமாவுக்குப் பட்டம் கொடுத்த அந்த ஒருநாள் மட்டும் வேதவாக்கு.

"அப்போ உங்க ஆளு? 2003-ல ஈராக்ல பயங்கர ஆயுதம் குவிஞ்சிருக்குன்னு சொன்ன புஷ்?"

"உங்க கிளின்டன்? அந்தப் பெண்ணோட எனக்கு எந்தத் தொடர்பும் இல்லேன்னு விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லலையா?"

"அந்த புஷ்ஷோட அப்பா? என் உதட்டைப் பாருங்க, புது வரி கிடையாதுன்னு 1988-ல சொன்னார். 1990-ல உதடு என்ன ஆச்சு?"

"ஜான்ஸன்? 1964-ல டோங்கின் வளைகுடாவுல நடக்காத தாக்குதலைச் சொல்லி வியட்நாம் போரைப் பெருசாக்கலையா?"

"ஐசனோவர்? 1960-ல ரஷ்யாக்காரன் சுட்டு வீழ்த்தின உளவு விமானத்தை, வானிலை பார்க்கப் போன விமானம்னு சொன்னாங்களே! பைலட் உயிரோட பிடிபட்டான்னு குருஷ்சேவ் அறிவிச்சதும் மூஞ்சி எங்கே போச்சு?"

கவனித்திருப்பீர்கள்: ஒருவரும் எந்தக் குற்றச்சாட்டையும் மறுக்கவில்லை. தன் வீட்டுத் திருட்டுக்குப் பக்கத்து வீட்டுத் திருட்டே ஜாமீன். இப்படியே காலச்சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, மூன்றாவது கோப்பை ஆறுவதற்குள் 1884-க்குப் போய்விடுவார்கள்.

1884 இவர்களுக்குப் புண்ணிய ஸ்தலம். அந்தத் தேர்தலில் டெமாக்ரட் கட்சியின் கிளீவ்லாண்ட் மீது, மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தகப்பன் ஆனவர் என்று புகார் வந்தது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று கட்சிக்காரர்கள் கேட்டபோது, உண்மையைச் சொல்லுங்கள் என்று தந்தி கொடுத்தார். எதிரே நின்ற ரிபப்ளிகன் கட்சியின் பிளெய்ன் குடும்ப வாழ்க்கையில் பத்தரை மாற்றுத் தங்கம். ரயில்வே கம்பெனி விவகாரத்தில்தான் கை கொஞ்சம் ஈரம். 'படித்ததும் எரித்துவிடவும்' என்ற குறிப்போடு அவர் எழுதிய கடிதம் எரியாமல் செய்தித்தாளுக்கு வந்து சேர்ந்தது. பொதுப்பணத்தில் ஒழுங்காக இருப்பவரைப் பதவிக்கு அனுப்புவோம், வீட்டில் ஒழுங்காக இருப்பவரை வீட்டுக்கே அனுப்புவோம் என்று கிளீவ்லாண்ட் ஆதரவாளர் ஒருவர் சொன்ன தீர்ப்பை நாடும் ஏற்றுக்கொண்டது. கிளீவ்லாண்ட் வென்றார்.

"பார்த்தியா, உண்மை ஜெயிச்சுது!" என்பார் நீலர்.

சிவப்பர் காத்திருந்து அடிப்பார். "அதே உத்தமர்தான் 1893-ல வாயில புற்றுநோய்க் கட்டியை எடுக்க ரகசியமா ஒரு படகுல ஏறிப் படுத்தார். வெளியே கேட்டவனுக்கு, பல்வலின்னு பதில். உண்மையை எழுதின நிருபரைப் பொய்யன்னு ஊரே ஏசிச்சு. கத்தி வச்ச டாக்டர்கள்ல ஒருத்தர் 1917-ல வாயைத் திறந்தப்புறம்தான் அந்த ஆள் மானம் மீண்டுச்சு."

இந்த இருவரிடமும் அறிவுக்குக் குறைவில்லை என்பதை இதற்குள் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் சம்பளம் கொடுத்துக் கேட்க வேண்டிய தகவல்கள் இங்கே உருளைக்கிழங்கு வறுவலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. கையிலிருக்கும் தராசுதான் கொஞ்சம் விசித்திரமானது. தட்டில் வைக்கப்படுபவர் எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டுத்தான் முள் அசையும்.

1998-இல் கிளின்டன் விவகாரம் வெடித்தபோது, "சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் இல்லாதவன் நாட்டை எப்படி ஆள்வான்?" என்று சிவப்பர் இதே மேஜையைக் குத்தினார். "படுக்கையறை அவரவர் சமாசாரம், பொருளாதாரத்தைப் பார்" என்றார் நீலர். 2016-இல் டிரம்ப் வந்ததும், இருவரும் எழுந்து நாற்காலி மாற்றிக்கொண்ட மாதிரி வசனத்தை மாற்றிக்கொண்டார்கள். மேஜையைக் குத்தியவர் நீலர். பொருளாதாரத்தைப் பார்க்கச் சொன்னவர் சிவப்பர். சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவரும் பொதுப்பணியை நேர்மையாகச் செய்ய முடியுமா என்று கருத்துக்கணிப்பாளர்கள் வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களிடம் கேட்டார்கள். முடியும் என்றவர்கள் 2011-இல் 30 சதவீதம், 2016-இல் 72 சதவீதம். ஐந்தே ஆண்டில் மனிதகுலத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை பெருகியதற்கு வரலாற்றில் வேறு உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அதற்கு ஐந்து ஆண்டு ஆயிற்று. பொதுமன்னிப்பு விஷயத்தில் ஐம்பது நாளே போதுமானதாக இருந்தது. மகனுக்கு மன்னிப்பு வழங்கமாட்டேன் என்று சொல்லிவந்த பைடன் 2024 டிசம்பர் 1 அன்று வழங்கினார். "தகப்பன் மனசு பித்துப்பா" என்றார் நீலர். "சட்டம் செத்துப்போச்சு" என்றார் சிவப்பர். 2025 ஜனவரி 20 அன்று, நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். சட்டம் நீலரிடம் செத்துப்போனது. மனசு சிவப்பரிடம் வந்து சேர்ந்தது. ஒரு சொல்கூட வீணாகவில்லை.

இடையிடையே நியூயார்க்கிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் நிருபர்கள் இந்த டைனருக்கு வருவதுண்டு. 2016-க்குப் பிறகு 'சாமானிய அமெரிக்கன் என்ன நினைக்கிறான்' என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைத்த குறுக்குவழி இந்த மூலை மேஜை. கேமராவைக் கண்டதும் சிவப்பர் தொப்பியைச் சரிசெய்துகொள்வார், நீலர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். "நான் கட்சி பார்க்கிறவன் இல்லை. ஆளைத்தான் பார்ப்பேன்" என்று இருவரும் தனித்தனியே பேட்டி கொடுப்பார்கள். நாற்பது வருடமாக இவர்கள் பார்த்த ஆட்களெல்லாம் ஒரே கட்சியில் இருந்தது தற்செயல்.

காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம் என்ற பேச்சு வந்தால் மட்டும் இருவரும் ஒரே கட்சி. "அத்தனை பேரும் திருடங்க!" நேர்மை பற்றி காலப் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பில் நர்ஸ்கள் முதல் வரிசையில் இருப்பார்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள் கார் விற்பவர்களோடு கடைசி வரிசையில் இடம்பிடிக்கப் போராடுவார்கள். சரி, உங்கள் தொகுதி உறுப்பினர்? "அவர் பரவாயில்லை. எங்க பாலத்துக்குப் பணம் வாங்கிக் கொடுத்தார்." நாடு முழுவதும் இப்படியே பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்வதால், மறுபடி நிற்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் சாதாரணமாக ஜெயித்துவிடுகிறார்கள். திருடர்கள் முழுக்கப் பக்கத்துத் தொகுதியிலேயே இருக்கிறார்கள்.

தலைவர்களின் பொய்யை இப்படித் தாராளமாகச் செரிக்கிறவர்கள் சொந்த விஷயத்தில் ஏமாளிகள் என்று நினைத்தால் தவறு. சிவப்பர் பழைய கார் வாங்கப் போனால் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். விற்பவன் ஓட்டிய மைல் கணக்கில் ஒரு பொய் சொன்னாலும் மறுபடி அந்தக் கடைத் தெருவிலேயே நடக்கமாட்டார். நீலர், பரீட்சையில் பார்த்து எழுதிய பையனை முப்பது வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தாலும் முகம் கொடுக்கமாட்டார். பைடன் 1987-இல் பிரிட்டிஷ் தலைவர் கின்னக்கின் பேச்சை எடுத்துப் பேசி மாட்டிக்கொண்டு போட்டியிலிருந்தே விலகியதைக் கேட்டால் மட்டும், "நல்ல கருத்து நாலு பேரைச் சேரட்டுமே" என்பார்.

இத்தனை வாதத்துக்கு நடுவே இருவரும் மனமார ஒப்புக்கொள்ளும் பெயர்கள் இரண்டு உண்டு. ஒருவர், ஜார்ஜியாவின் கடலை விவசாயி கார்ட்டர். உங்களிடம் ஒருநாளும் பொய் சொல்லமாட்டேன் என்று 1976-இல் வாக்குக் கொடுத்தார். பதவிக்கு வந்ததும், எரிபொருள் பற்றாக்குறை, வீட்டுச் சூட்டைக் குறையுங்கள் என்று கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார். இன்னொருவர், அவருடைய துணை அதிபராக இருந்த மாண்டேல். 1984 கட்சி மாநாட்டில், ரேகன் வந்தாலும் வரி ஏறும், நான் வந்தாலும் வரி ஏறும். அவர் சொல்லமாட்டார், நான் சொல்லிவிட்டேன் என்று போட்டு உடைத்தார்.

"தங்கமான மனுஷன் கார்ட்டர்" என்பார் நீலர்.

"மாண்டேலும் உள்ளதைச் சொன்னவர்தான். மறுக்க முடியாது" என்பார் சிவப்பர்.

1980-இல் கார்ட்டருக்குக் கிடைத்த தேர்வுக்குழு வாக்குகள் 49, ரேகனுக்கு 489. மாண்டேல் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதில் தோற்றார். சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகரமும் மட்டும் கைகொடுத்தன. அந்த இரண்டு தேர்தலிலும் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று நீலரைக் கேட்டால், 1980-இல் சுயேச்சை ஆண்டர்சனுக்குப் போட்டதாகவும், 1984-இல் அன்றைக்குப் பார்த்துப் பெருமழை என்றும் சொல்வார். சிவப்பரைக் கேட்கவே வேண்டாம். அவர் ரேகன் சொன்னதை நம்பியவர். ரேகன் 1982-லேயே வரியை ஏற்றியவர் என்று நீலர் முணுமுணுத்தால், "ஏத்தினார். ஆனா சொல்லிக்காட்டலையே" என்பார்.

அதற்குள் பில் வந்துவிடும். பரிமாறும் அம்மாள் அவசரத்தில் ஒரு தட்டு பான்கேக்கைச் சேர்க்க மறந்திருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் பில்லைத் திருப்பி நீட்டுவார்கள். "பான்கேக் விட்டுப்போச்சும்மா, சேர்த்துக்கோ."

"இவ்வளவு யோக்கியமா இருக்கீங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மேயருக்கு நின்னா என்ன?" என்பார் அந்த அம்மாள், திருத்தி எழுதிக்கொண்டே.

"இவனா?" என்பார் நீலர். "சாலை போடணும்னா வரி கட்டுங்கடான்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவான். ஒரு ஓட்டு விழாது."

சிவப்பர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். "நீ போடுவியா?"

"நான் ஏன் போடுறேன்? நீ எந்தக் கட்சி!"