பெஞ்சைப் பார்க்கிற அண்ணன்

பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். சென்னையின் எஃப்சி கால்பந்து ஆடும் நாளில் திருச்சி தென்னூர் டீக்கடை டிவி முன்னால் நிற்கிற அத்தனை பேரும் மைதானத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் ஓரத்தில் இருக்கிற பெஞ்சைப் பார்ப்பார். ஆட்டக்காரன் கோல் போஸ்டுக்கு மேலே அடித்துவிட்டுத் தலையில் கை வைப்பான், கேமரா அரை நொடி கோச் பக்கம் திரும்பும் பாருங்கள், அந்த அரை நொடிக்காகத்தான் அவர் ஏழரை மணியிலிருந்து காத்திருக்கிறார். கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், "பாத்தியா, கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறான். இவனுக்கு என்ன அக்கறை?" கையை ஆட்டிக் கத்தினால், "இவனே பதறுனா பசங்க எப்படி ஆடுவாங்க?" உட்கார்ந்தால் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறான், எழுந்தால் டிவிக்காக எழுந்திருக்கிறான். தண்ணீர் குடித்தால் திட்டம் தீர்ந்துவிட்டது என்று பொருள். வாட்ச்சைப் பார்த்தால் ஃப்ளைட்டுக்கு நேரம் பார்க்கிறான். இத்தனை குற்றங்களையும் கண்ணெதிரே செய்கிற ஒருவரை கிளப் இன்னும் ஏன் வைத்திருக்கிறது என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அணி ஜெயித்த நாளிலும் கேட்பார், கொஞ்சம் குரல் தாழ்த்தி.

கோச் ஒருவரோடு முடிந்தால் பரவாயில்லை. அவருடைய நிஜமான பகை உதவிக் கோச்சிடம்தான். உதவிக் கோச் கையில் ஒரு நோட்டு இருக்கிறது, அதில் ஏதோ எழுதுகிறார். என்ன எழுதுகிறார் என்பது அண்ணனைப் பல சீசனாக அரிக்கிற விஷயம். "மூணு கோல் வாங்கியாச்சு, இன்னும் என்னத்த எழுதுறான்? மளிகை லிஸ்டா?" மாற்று ஆட்டக்காரனை இறக்குமுன் உதவிக் கோச் ஒரு தாளைக் காட்டி, இங்கே நில், கார்னர் வந்தால் அங்கே போ என்று விளக்குவார், அண்ணன் அந்தத் தாளைப் படிக்க எழுந்து டிவி அருகே போவார், அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டிருக்கும். அடுத்தது கோல்கீப்பிங் கோச்: கீப்பர் தாவிப் பிடித்தால் அது கீப்பரின் பிறவித் திறமை, கைநழுவ விட்டால் கோல்கீப்பிங் கோச்சின் பயிற்சிக் குறை. எண்பதாவது நிமிஷத்தில் யாருக்காவது தசை பிடித்துக்கொண்டால் ஃபிட்னஸ் கோச். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிசியோகூடத் தப்புவதில்லை. அவர் ஓடுகிற வேகம் போதாதாம். "தலைய மட்டும் வெட்டிப் பிரயோஜனம் இல்ல மாப்ள, மொத்தக் கூடாரத்தையும் கிளப்பணும்." பந்தியில் சாம்பார் சரியில்லையென்றால் சமையல்காரரை விட்டுவிட்டு வாளி தூக்கி வருகிற பையனைப் பிடித்துக் காய்ச்சுகிற பெரியப்பா எல்லாக் கல்யாணத்திலும் உண்டல்லவா, இவர் அந்த வகை.

இருந்தாலும் அவரை வெறும் புலம்பல் பேர்வழி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கையில் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது, அதை மனப்பாடமாக ஒப்பிப்பார். 2018 மார்ச்சில் பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த ஊரிலேயே 3-2 என்று வீழ்த்தி கோச் ஜான் கிரெகரியின் சென்னை அணி இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை எடுத்தது. அடுத்த சீசனில் அதே கிரெகரியின் கீழ் 18 ஆட்டம், 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். கிளப் என்ன செய்தது? அவரையே அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொண்டது. 2019-20இல் முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள்தான், திடீரென்று கால் முளைத்த மாதிரி ஓடினார்கள். நான்காவது இடம், அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை போய், ஆளில்லாத மைதானத்தில் ஏடிகே அணியிடம் தோற்றார்கள். பத்தாவதாக முடித்த கோடையிலேயே கோச்சை மாற்றியிருந்தால் கோப்பையே வந்திருக்கும் என்பது அண்ணன் வாதம். வந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி இடத்தில் முடித்த பிறகு ஆறு ஆட்டம் வீணானது வீணானதுதான். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நடந்தது, அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

சிக்கல் என்னவென்றால், தனக்குச் சாதகமான சாட்சியை மட்டும்தான் அவர் கூண்டில் ஏற்றுவார். 2015ஐ அவர் வாயிலிருந்து வரவழைப்பது கஷ்டம். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் தலையால் முட்டு வாங்கிய மார்கோ மட்டராஸி அப்போது கோச். சீசன் பாதி தாண்டியும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அன்றைக்கும் நம்மவர் வகையறா கூடாரத்தைக் கிளப்பச் சொல்லியிருக்கும். கிளப்பவில்லை. தொடர்ந்து ஜெயித்து அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். இறுதிப் போட்டியில் கோவாவிடம் 1-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடிகிற தறுவாயில் இரண்டு கோல் விழுந்து கோப்பை வந்தது. இதைச் சொன்னால் அண்ணன், "அது அதிர்ஷ்டம்" என்பார். கிரெகரி போய் காயில் வந்தது மட்டும் அதிர்ஷ்டமில்லை, அறிவியல்.

இதைவிட அவருக்குப் பிடிக்காத கணக்கு ஒன்று உண்டு. காயில் முதல் தடவை போன பிறகு சென்னை அணி 2020-21இல் சபா லாஸ்லோவை வைத்து ஆடியது, எட்டாவது இடம். மறு வருஷம் போசிதார் பாண்டோவிச்சைக் கொண்டுவந்து, அவரையும் நடுவழியில் அனுப்பிவிட்டு முடித்தது, எட்டாவது இடம். அடுத்து தாமஸ் பிர்டாரிச், எட்டாவது இடம். மூன்று சீசன், மூன்று தேசத்துக் கோச்சுகள், மூவருக்கும் ஒரே நாற்காலி எண். முதல் இரண்டு சீசனில் புள்ளிகூட ஒன்றுதான், இருபது இருபது. கோச்சை மாற்றினால் எல்லாம் மாறும் என்பவருக்கு இதைவிட அழகான எதிர்வாதத்தை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது. அண்ணனிடம் இதற்கும் பதில் உண்டு: மாற்றியது போதாது, தப்பான ஆளை வைத்து மாற்றினார்கள். இந்த வாதத்தின் அழகே அதை யாராலும் தோற்கடிக்க முடியாது என்பதுதான். மாற்றி ஜெயித்தால் மாற்றியது சரி, மாற்றித் தோற்றால் இன்னும் மாற்ற வேண்டும்.

ஹாலந்துக்காரர் ஒருவர் இதை உட்கார்ந்து கணக்கே போட்டிருக்கிறார். பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர், 1986 முதல் 2004 வரை டச்சு லீக்கில் நடந்த கோச் மாற்றங்களை எடுத்து, அதே அளவுக்குச் சரிந்தும் கோச்சை மாற்றாத கிளப்புகளோடு ஒப்பிட்டார். மாற்றியவர்கள் எழுந்தார்கள், வாஸ்தவம்தான். மாற்றாதவர்களும் அதே மாதிரி எழுந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானதில்லை. கோச்சைத் தூக்குவது எப்போதும் அணி தன் வழக்கமான தரத்துக்கும் கீழே விழுந்திருக்கும்போதுதான். அந்தத் தரத்தை நோக்கித் திரும்புகிற போக்கில் பெரும்பாலும் எப்படியும் கொஞ்சம் மேலே வரும். வருகிற நேரத்தில் எவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு மாலை. இந்த ஆய்வை அண்ணன் முன்னால் வைத்தால், "ஹாலந்து குளிரு வேற, நம்ம வெயிலு வேற" என்று முடித்துவிடுவார்.

உடனே பக்கத்திலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்ஸி போட்ட தம்பி ஒருத்தன் பொறுமைக்கு வக்கீலாகக் கிளம்புவான். அலெக்ஸ் ஃபெர்கூசன் 1986இல் வந்தார், 1989இல் அவரைப் போகச் சொல்லி ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள், கிளப் அசையவில்லை, 1990இல் முதல் கோப்பை வந்தது, பிறகு 2013 வரை நடந்தது உலகத்துக்கே தெரியும் என்பான். இந்தக் கதையையும் அப்படியே விழுங்கக்கூடாது. வைத்துக்கொண்டதால் ஜெயித்த ஒரு ஃபெர்கூசன் நினைவில் நிற்கிறார். வைத்துக்கொண்டும் தோற்றுக்கொண்டே போன கோச்சுகளின் பெயர் யாருக்கும் நினைவில்லை, அதனால் அவர்களை வைத்து யாரும் வாதாடுவதில்லை. தம்பியும் அண்ணனும் செய்வது ஒரே வேலை. தனக்குத் தோதான ஒருவரைப் பொறுக்கியெடுத்துச் சட்டமாக்குகிறார்கள். பொறுமையோ மாற்றமோ தானாக மருந்தாகாது. எதற்காகப் பொறுத்துக்கொள்கிறோம், எதற்காக மாற்றுகிறோம் என்று கிளப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணனின் கோபத்துக்கு உண்மையான அடித்தளம் இங்கேதான் இருக்கிறது, அது அவருக்கே தெரியாது. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ கடைசி மூன்று இடத்தில் முடிக்கிற அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும். வருமானம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், கிளப் நடுங்கும். 2019இல் பத்தில் பத்தாவதாக முடித்த சென்னை அணிக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் ஐஎஸ்எல்லில் கீழே இறங்குகிற ஏற்பாடே அப்போது கிடையாது. அடுத்த சீசனில் எல்லோரோடும் சமமாகப் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தது. தோல்விக்கு விலையே இல்லாத இடத்தில் ரசிகன் கையில் மிச்சமிருக்கிற ஒரே தண்டனை கோச்சின் வேலை. முதலாளி அபிஷேக் பச்சனையோ தோனியையோ மாற்றச் சொல்ல முடியாது, சொன்னால் டீக்கடையே சிரிக்கும். இருபத்தைந்து ஆட்டக்காரர்களை ஒரே நாளில் அனுப்ப முடியாது. மாற்றக்கூடியது பெஞ்ச் மட்டும். அதனால்தான் பெஞ்சையே பார்க்கிறார்.

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் வாங்காத, சென்னை நேரு ஸ்டேடியத்துக்குள் காலே வைக்காத ஆளுக்கு இவ்வளவு பேச என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற ஊரில் ராத்திரி ஒன்பதரைக்கு முடிகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குத் திரும்புவது எப்படி என்பதை அந்தக் கேள்வி கேட்பவர்கள் முதலில் சொல்லட்டும். அதுவுமில்லாமல் இது பந்து தெரியாத ஊரில்லை. பொன்மலை ரயில்வே ஆட்டக்காரர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. உள்ளூர் டோர்னமென்ட்டில் தோற்ற அணியின் கோச், சைக்கிளை எடுக்குமுன் பத்துப் பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: ஏன் அவனை உட்கார வைத்தாய், ஏன் லெஃப்ட் பேக்கை மாற்றவில்லை. பதில் சரியோ தப்போ, பதில் என்று ஒன்று வரும். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் ஒரு ஐஎஸ்எல் கிளப்பிடமும் அதையே எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

2023இல் காயிலைத் திரும்பக் கொண்டுவந்தபோது அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி ஆட்கள் அன்றைக்கு அப்படித்தான் இருந்தார்கள். அந்த சீசன் ஆறாவது இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் தோல்வி. 2024-25இல் பதின்மூன்றில் பதினொன்று. சீசன் முழுக்க அதே கோச், அதே கூடாரம். அண்ணன் தொண்டை கட்டிப்போனது. 2025 ஜூலையில் ஒருவழியாகக் காயில் விலகினார். அதே மாதம் லீக்கையே நிறுத்தி வைத்திருப்பதாக அறிவிப்பு வந்தது. பல வருஷம் கேட்டது கிடைத்த நேரத்தில் ஆட்டம் இல்லை. அந்தக் கோடையில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். பிறகு கிளிஃபர்ட் மிராண்டா வந்தார், இந்தியர். வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம பசங்க பாஷை புரியாது என்று நாள்தோறும் சொன்ன வாய், இவனுக்கு வெளிநாட்டு அனுபவம் போதாது என்று தொடங்க ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதில் குற்றம் முழுக்க அவருடையது இல்லை. கடைசி இடத்தில் முடித்த கோச்சை வைத்துக்கொள்வதற்கு நியாயமான காரணம் இருக்கலாம்: ஒப்பந்தத்தை முறித்தால் கொடுக்க வேண்டிய பணம், அடுத்த ஆள் கிடைக்காதது, காயம்பட்ட ஆட்டக்காரர்கள், முந்தைய வருஷக் கோப்பைக்கான மரியாதை. எதுவாக இருந்தாலும் அதை ரசிகனிடம் வாய்விட்டுச் சொல்லலாம். அதற்குப் பதில் புது ஜெர்ஸியின் படத்தையும், சீசன் பாஸ் விலையையும், நன்றி என்ற ஒரு வரியையும் வெளியிடுகிறார்கள். தோற்ற வருஷத்திலும் சேனலை மாற்றாமல் கடைசி விசில் வரை நிற்கிற ஆட்கள் ஊருக்கு நாலைந்து பேர்தான், அதில் ஒருத்தர் இவர். அவரிடம் கிளப் பேசாததால் அவர் எங்களிடம் பேசுகிறார், தொண்ணூறு நிமிஷமும், டிவியை மறைத்துக்கொண்டு. கோல் விழுந்த பிறகு திரும்பிப் பார்த்து, "யாருப்பா அடிச்சது?" என்கிறார்.