டிசம்பர் பட்டியல்காரர்

அந்த ஆண்டு வந்த பாட்டு ஆல்பங்களில் தமக்குப் பிடித்த பத்தைப் பொறுக்கி, வரிசை எண் கொடுத்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் டிசம்பர் கடைசியில் அறிவிப்பவர் பட்டியல்காரர் எனப்படுவார். இவ்வினம் உலகெங்கும் உண்டு. பிபிசி வானொலியின் ஜான் பீல் 1976-லேயே நேயர்களிடம் ஓட்டு வாங்கி ஐம்பது பாட்டுக்கு வரிசை போட்டார். இங்கே விளக்கப்படுவது கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல் பக்கம் காணப்படும் வகை.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். திருவனந்தபுரத்தில் ஆபீஸ், சீசன் டிக்கெட், மகன் கழித்துப்போட்ட இயர்போன், சட்டைப்பையில் கூட்டுறவு சங்கம் இனாமாகக் கொடுத்த பாக்கெட் டைரி. ஜனவரி முதல் நவம்பர் வரை மற்ற மனிதரிலிருந்து இவரைப் பிரித்தறிய முடியாது. டிசம்பர் பிறந்ததும் முகத்தில் ஒரு நீதிபதிக் களை ஏறும்.

வாழிடம் ரயில். இரணியல் வழியாக வண்டி ஓடத் தொடங்கியது 1979-ல். ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டுக் குழித்துறையிலோ பாறசாலையிலோ கிராசிங்குக்குக் காத்துக் கிடப்பது இப்பாதையின் குலவழக்கம். மற்ற பயணிகள் ரயில்வேயைத் திட்டித் தீர்க்கும் அந்த இருபது நிமிடம் பட்டியல்காரருக்கு அரசு தரும் மானியம். சினிமா ஆல்பம் ஒன்று ஏறக்குறைய அரை மணியில் முடிந்துவிடும். கிராசிங் விழாத நாளில் கேட்ட ஆல்பங்களுக்கு, பாவம், எட்டுக்கு மேலே இடம் கிடைப்பதில்லை.

ஆல்பம் என்ற சொல்லை இவர் வெளியில் மட்டுமே பயன்படுத்துவார். வீட்டில் சொன்னால் பீரோ மேலிருந்து கல்யாண ஆல்பம் இறங்கிவிடும். சொல்லின் பொருளும் நழுவிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு ஒரு படத்தின் பாட்டெல்லாம் ஒரே கேசட்டில் ஒரே நாளில் வந்தன. இப்போது முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள் என்று மாதத் தவணையில் வருகின்றன.

மூதாதையர் இருவர். முதலாமவர் இலங்கை வானொலியில் 1952-ல் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’வின் நேயர். அமீன் சயானி வருடக் கடைசியில் இந்திப் பாட்டுகளுக்குப் படிப்படியாக இடம் அறிவிப்பதை, இந்தி தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டவர். இரண்டாமவர் கேசட் காலத்து ரெக்கார்டிங் கடை வாடிக்கையாளர். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆறு பாட்டு எழுதிக் கொடுத்தால் நாலு நிமிடம் சும்மா ஓடும். ஏழாவதையும் எழுதினால் சரணத்தின் நடுவே ‘டக்’கென்று நாடா நிற்கும். அந்த நாலு நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டு எது என்று, திங்கள் சந்தைக் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி பேனாவைக் கடித்துக்கொண்டு நின்ற பையன்தான் வளர்ந்து பட்டியல்காரர் ஆனார்.

இவரது குணங்கள் முழுமையாக வெளிப்பட்ட ஆண்டு 2024. ஜூலையில் ரகுமானின் ‘ராயன்’, ஆகஸ்டில் சந்தோஷ் நாராயணனின் ‘வாழை’, ஜி. வி. பிரகாஷின் ‘தங்கலான்’, செப்டம்பரில் கோவிந்த் வசந்தாவின் ‘மெய்யழகன்’, அக்டோபரில் மறுபடி பிரகாஷ், ‘அமரன்’. இதுவரை சிக்கல் இல்லை. ‘லப்பர் பந்து’வின் முறை வந்தபோதுதான் டைரியில் முதல் அடித்தல் விழுந்தது. இசை ஷான் ரோல்டன். தியேட்டரில் விசில் பறந்ததோ 1989-ல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டுக்கு. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ கதையும் இதேதான். இசை சுஷின் ஷியாம். குகைக்குள்ளிருந்து கிளம்பியது ‘குணா’வின் 1991-ம் வருடத்துப் பாட்டு. புது ஆல்பங்களின் பட்டியலில் முப்பது வருடப் பழசை எங்கே வைப்பது? இரண்டுமே இளையராஜா என்பதால் விட்டுவிடவும் மனம் வராது.

வழக்கு ஸ்டேஷன் ரோட்டுச் சாயாக்கடைக்குப் போகும்.

“வே, அது மலையாளப் படம்லா? தமிழ்ப் பட்டியல்ல எப்பிடி வரும்?”

“பாட்டு தமிழ்தானே ஓய்.”

“அப்போ ‘ஆவேசம்’?”

“அதுக்குப் பாட்டும் மலையாளம்தான். ஆனா எம் மவன் நாலு மாசமா அதத்தானே பாடுகான்.”

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. அன்று தீர்ந்துபோன எல்லைத் தகராறு டிசம்பர்தோறும் இந்த பெஞ்சில் மறுவிசாரணைக்கு வருகிறது. ரசவடை ஆறி, இரண்டாவது சாயாவும் தீர்ந்தபின் ஒரு சமரசம் பிறக்கும். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ‘9அ’ என்று கொஞ்சம் புறம்போக்கு உண்டாக்கி, மலையாளத்தை அதில் குடியேற்றுவது.

‘பாடியவர்’ என்ற கட்டமும் அந்த ஆண்டு தொல்லை கொடுத்தது. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் கணினி பாடியது. ஜனவரியில் காலமான பவதாரிணியின் குரல் செப்டம்பரில் ‘கோட்’ படத்தில் அதே முறையில் வந்தது. அந்த இடத்தில் மட்டும் பட்டியல்காரர் எண் போடாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். இனத்தின் மரியாதைக்கு இதைக் குறித்தாக வேண்டும்.

தாமதமாக வருபவர்களைப் பற்றிய சட்டம் கடுமையானது. டிசம்பர் 15-க்குப் பிறகு வரும் படம் அடுத்த ஆண்டுக் கணக்கு. ‘விடுதலை’ இரண்டாம் பாகம் 20-ம் தேதி வந்தது. இசை இளையராஜா. சட்டம் திருத்தப்பட்டது.

இவ்வளவும் நடக்கும்போது சுற்றிலும் ஒலிப்பவை வேறு. விடியுமுன் கோயில் மைக்செட்டில் மார்கழிப் பாட்டு, மாலையில் ஐயப்பன் பஜனை, ராத்திரி தெருத் தெருவாகக் கேரல் ரவுண்ட்ஸ். பக்கத்தில் தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்காவின் ஆண்டு விழாவில் அதே ஞானப்புகழ்ச்சியைத்தான் வருடா வருடம் பாடுகிறார்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் எப்படி என்று யாரும் மார்க் போடுவதில்லை. இவை எதற்கும் டைரியில் இடமில்லை. காது வாங்குவதை எல்லாம் எழுதினால் அது பட்டியல் ஆகாது என்பது இவர் கட்சி.

பட்டியல் முதலில் அரங்கேறுவது வீட்டில். பத்திலிருந்து தொடங்கி, எண்ணுக்கு எண் இடைவெளி விட்டு, அமீன் சயானி தோரணையில் வாசிப்பார். நாலாம் எண்ணுக்கு வரும்போது அடுக்களையிலிருந்து, “கரண்டு பில்லு கெட்டியாச்சா?” என்று கேட்கும். முதல் மூன்று இடங்கள் இதனால் பெரும்பாலும் முணுமுணுப்பாகவே அறிவிக்கப்படுகின்றன.

இந்த இனத்தின் இயற்கை எதிரி செல்போன். 2019-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, டிசம்பர் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் அந்த ஆண்டு உண்மையில் என்ன கேட்டார்கள் என்ற கணக்கைக் கலர் கலராகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பட்டியலில் முதலிடம் ‘மெய்யழகன்’. போன் கணக்கில் முதலிடம் ‘ஆவேசம்’, அதாவது 9அ. இரண்டாமிடம் 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. பட்டியலில் உள்ள மற்றவை ஐந்துக்குள்ளேயே இல்லை. சாயாக்கடையில் யாராவது போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டால், “சவம், போன் பையன் கையிலல்லா கெடக்கும்” என்று விளக்கம் வரும். இரண்டாமிடத்தைப் பற்றி விளக்கம் வருவதில்லை.

டிசம்பர் 31 இரவோடு பருவம் முடிகிறது. ஜனவரி முதல் தேதி புது டைரி கைக்கு வந்ததும், கடைசிப் பக்கத்தில் ஒன்று முதல் பத்துவரை எண் போட்டு வைப்பார். ஒன்றாம் எண்ணுக்கு எதிரே ‘இளையராஜா’ என்று எழுதி, ஆல்பத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும்.