சீட்டின் கடைசிப் பெயர்

1994-இல் கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் என்றால் ஜெராக்ஸ் வேலைதான். அந்த வாரம் வந்த ஆய்விதழ்களின் பொருளடக்கத்தையும் அறிவிப்புப் பக்கங்களையும் நகலெடுத்து, ஃபைலில் கோத்து, மேலே ஒரு சீட்டு ஒட்டுவேன். அதில் துறைத்தலைவர் தொடங்கி பணிமூப்புப்படி பதினோரு பெயர்கள். பார்த்தவர் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குத் தரவேண்டும். அட்டெண்டர் அண்ணன் மேஜை மேஜையாகக் கொண்டுபோவார்.

கடைசிப் பெயர் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளருடையது. ஃபைல் அவர் கைக்குப் போகும்போது, கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் தேதி பெரும்பாலும் முடிந்திருக்கும். "பரவாயில்ல சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். அந்தப் 'பரவாயில்ல' வெகுநாள் உறுத்தியது.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்த ஃபைல்தான் அதன் பொருளைப் புரியவைத்தது.

2005-இல் கூகுள் ரீடர் வந்தது. அடுத்த ஆண்டே அதைப் பழகிக்கொண்டேன். நூலகங்களும் ஆய்விதழ்களும் தங்கள் தளத்தில் புதிதாக எதைப் போட்டாலும் அதன் தலைப்பு, தேதி, இணைப்பு மூன்றும் ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்ற சிறு கோப்பில் ஏறிவிடும். ரீடர் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு வந்து, புதியதை நம்முன் அடுக்கும். நாம் கேட்ட இடங்களிலிருந்து மட்டும், தேதி வரிசையில். படிக்காதது தடித்த எழுத்தில் காத்திருக்கும். பணிமூப்புச் சீட்டுக்கு அங்கே வேலையே இல்லை. பதினோரு பேருக்கும் அமைத்துக் கொடுத்தேன். சீட்டின் கடைசிப் பெயருக்குரியவர் இடத்தில்தான் முதலில் போய் உட்கார்ந்தேன்.

2013 ஜூலை 1-ஆம் தேதி கூகுள் ரீடர் மூடப்பட்டது. ஃபீட் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கி ஃபீட்லி என்ற வேறொரு ரீடருக்குக் கொண்டுபோனேன். மற்றவர்கள் மெல்ல மெல்ல வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார்கள்.

போன வருடம் ஆய்வு மாணவி ஒருத்தி உதவித்தொகை பற்றிக் கேட்டு வந்தாள். இருவரும் அவள் போனில் வாட்ஸ்அப் குழுவைத் தள்ளிக்கொண்டே போனோம். காலை வணக்கங்கள், பிறந்தநாள் கேக்குகள், ரோஜாப் பூக்கள். அவற்றுக்கு அடியில் அறிவிப்பு கிடந்தது. விண்ணப்பிக்கும் தேதி முந்தின நாளே முடிந்திருந்தது. "பரவாயில்ல சார்" என்றாள். அதே சொல், என்னால் தாங்க முடியவில்லை.

அங்கேயே அவள் போனில் ஃபீட் ரீடரை ஏற்றினோம். உதவித்தொகை அறிவிக்கும் தளங்களில் ஃபீட் உள்ளவற்றை முதலில் சேர்த்தோம். எங்கள் நூலகப் பட்டியல் கோஹா மென்பொருளில் ஓடுகிறது. அதில் அவளுடைய ஆய்வுப் பொருளான 'உப்பளத் தொழிலாளர்' என்று தேடி, முடிவுகளோடு வரும் ஆரஞ்சு நிற ஆர்.எஸ்.எஸ். குறியின் இணைப்பையும் சேர்த்தோம். அந்தப் பொருளில் எந்தப் புத்தகம் பட்டியலில் ஏறினாலும் இனி அவளுக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு காலை, மூச்சு வாங்க கவுண்டருக்கு வந்தாள். "சார், உப்பளத்தப் பத்திப் புதுசா ஒரு புத்தகம் வந்திருக்கே?" என்றாள். புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது. முதுகில் ஒட்டிய லேபிளின் பசை இன்னும் காயவில்லை.