ஆச்சிக்கு எத்தினை லைக்?

பிள்ளை, எனக்கொரு சந்தேகம். இந்த அவுஸ்திரேலியாவில 16 வயசு ஆகாத பிள்ளையள் இன்ஸ்டாகிராம், டிக்டொக்கில கணக்கு வைச்சிருக்கேலாது எண்டு 2025 டிசம்பர் 10 இல இருந்து சட்டம். கொண்ணன்ர பெடியன் அண்டையில இருந்து முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறான். உன்ர சின்னவளுக்குப் பல்லே இப்பதான் எட்டிப் பாக்குது, அவள் மட்டும் நாள் முழுக்க உதுக்குள்ள நிண்டு உழைக்கிறாள். கணக்கு உன்ர பேரில இருக்கிறபடியால் சட்டத்தின்ர கண்ணுக்கு அவள் தெரியமாட்டாள். கெட்டிக்காரிதான் நீ.

பல்லுக்கொழுக்கட்டை அண்டைக்கு நடந்ததைச் சொல்லட்டே? நான் விடிய எழும்பி மா குழைச்சு, பயறும் சக்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளுக்கு வைச்சு, ஒவ்வொண்டுக்கும் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தி அவிச்சனான். பிள்ளைக்கு முன்னால புத்தகம், பேனை, காசு, நகை எல்லாம் பரப்பி வைச்சம். தலைக்கு மேல வெள்ளைத் துணியைப் பிடிச்சுக் கொழுக்கட்டையைக் கொட்ட, அவள் குனிஞ்சு பேனையை எடுத்தாள். சபை கை தட்டிச்சுது. நீ என்ன சொன்னனீ? "வெளிச்சம் சரியா விழேல்லை, இன்னொருக்காக் கொட்டுங்கோ." மூண்டாந்தரம் கொட்டேக்குள்ள அவள் பேனையையும் பாக்கேல்லை, காசையும் பாக்கேல்லை. உன்ர போனை எட்டிப் பிடிச்சாள். முறைப்படி பாத்தால் அவளின்ர தொழில் அதோட முடிவாயிட்டுது.

பேந்து வீடியோவைப் பாத்தன். எங்கட பிள்ளையைத்தான் காணேல்லை. அவள் என்ர நிறம், நல்ல எண்ணெய்க் கறுப்பு. அதுக்குள்ள இருந்தது மாவில பிரட்டி எடுத்த ஆரோ ஒரு பிள்ளை. கேட்டால், "ஃபில்டர் ஆச்சி, நப்பிக் கொம்பனிக்காரர் பாக்கினம்" எண்டாய். வெள்ளைக்காரக் கொம்பனிக்கு வெள்ளைப் பிள்ளைதான் வடிவு எண்டு நீ குறை சொல்லுறது நியாயம். ஆனா உன்ர வீடியோவுக்குக் கீழ, "பிள்ளை தேப்பனைப்போல நல்ல வெள்ளை, நாவூறு படப்போகுது, சுத்திப் போடுங்கோ" எண்டு எழுதினது ஆர்? ஒரு வெள்ளைக்காரியும் இல்லை. எங்கட தமிழ்ச்சனம் இருக்கிற பென்டில் ஹில்லும் துங்காபியும் வென்ட்வேர்த்வில்லும்தான். உன்ர மாமி நீ பிள்ளைத்தாச்சியா இருக்கேக்குள்ள தமிழ்க்கடையில குங்குமப்பூ வாங்கிப் பாலில போட்டுப் போட்டுத் தந்தவ. கடைக்காரன் நல்லாத் தெளிஞ்சான், பிள்ளை தெளியேல்லை. ஃபேர் அன்ட் லவ்லிக்காரனே 2020 இல வெக்கப்பட்டு ‘ஃபேர்’ எண்டதைப் பேரில இருந்து எடுத்திட்டான். மாமி இன்னும் எடுக்கேல்லை.

வெள்ளைத் தாய்மார் செய்யிறதை நான் குறை சொல்லேல்லை, ரசிச்சுப் பாக்கிறனான். பிள்ளையைத் துணியால நெஞ்சோட கட்டிக்கொண்டு நடக்கினம், எண்ணெய் பூசிக் கை கால் உருவினம், எங்கட மஞ்சள் பாலையும் குடிக்கினம். அதுக்குக் கீழ ஆயிரம் இதயம். நான் அதே எண்ணெயோட குந்தினால், "இது ஆபத்தில்லையா, டொக்டரிட்டைக் கேட்டனீங்களா" எண்டு பத்துப் பேர். பிரான்ஸ் நாட்டுப் பிள்ளைப்பேற்று டொக்டர் ஃப்ரெடரிக் லெபோயே கல்கத்தாவில சாந்தலா எண்ட தாய் தன்ர பிள்ளையை உருவுறதைப் பாத்துப் படமெடுத்து 1976 இல புத்தகமாப் போட்டவர். அந்த மனுசன் நேர்மையான ஆள், புத்தகத்துக்குத் தாயின்ர பேரையே வைச்சார். இப்ப உந்த மசாஜ் வகுப்புக்குக் காசு கட்டிப் போறவைக்கு அந்தப் பேரைத் தெரியுமோ என்னவோ. ஒண்டு மட்டும் கேள், ஏணையில போடுற விசயத்தில உன்ர கிளினிக் நேர்ஸ் சொல்லுறதுதான் சரி. பிள்ளையைத் தட்டையான தொட்டிலில நிமித்திப் படுக்க வை. எல்லாத்துக்கும் ஆச்சியை இழுக்காதை.

பிள்ளையின்ர படத்தை நாடே பாத்த தமிழ்த் தாய் ஒருத்தி இருக்கிறா, பிரியா. குயின்ஸ்லாந்தில பிலோயீலா எண்ட சின்ன ஊர். 2018 மார்ச்சில விடியப்புறம் குடிவரவு அதிகாரியள் நாடு கடத்தவெண்டு வந்து தாய், தேப்பன், இரண்டு குழந்தையளையும் ஏத்திக்கொண்டு போனவை. குழந்தையள் ரெண்டும் இந்த மண்ணில பிறந்ததுகள். 2019 ஆகஸ்டில இருந்து கிறிஸ்மஸ் தீவில அடைபட்டுக் கிடந்து, 2021 ஜூனில சின்னவளுக்கு வருத்தம் முத்திப் பேர்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம். கட்டிலில கிடக்கிற தங்கச்சிக்கு அக்கா முத்தம் குடுக்கிற படத்தை நீயும் பாத்து அழுதனீ, நானும் அழுதனான். அதில ஃபில்டர் இல்லை, ஒரு நப்பிக் கொம்பனியும் அதுக்குப் பக்கத்தில பேர் போடேல்லை. வெள்ளைக்காரச் சனம் நிறைஞ்ச அந்த ஊர்தான் இதுகள் எங்கட பிள்ளையள் எண்டு விடாமல் நிண்டது. 2022 ஜூனில வீட்டுக்குத் திரும்பி, ஆகஸ்டில நிரந்தர விசா கிடைச்சுது. அந்தத் தாய்க்குப் படத்தைக் காட்டாமல் வேற வழி இருக்கேல்லை. உனக்கு என்ன அவசரம், பிள்ளை? உன்னை ஆர் நாடு கடத்தப்போறான்?

சரி, காசுக்கு எண்டு சொல்லுறாய். பிரான்ஸில 2020 இலயே சட்டம் போட்டிட்டினம், 16 வயசுக்கு உட்பட்ட பிள்ளை வீடியோவில உழைக்கிற காசைப் பிள்ளைக்கெண்டு ஒதுக்கி வைக்க வேணும் எண்டு. அமெரிக்காவில இலினோய் மாநிலத்திலயும் 2024 ஜூலையில இருந்து பிள்ளைக்குப் பங்கு உண்டு. இஞ்சை உனக்குச் சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. கொம்பனி அனுப்பினது ஒரு பெட்டி நப்பி, அதுவும் அவளுக்கு அளவு காணாது. அதுக்காகவோ மூண்டு தரம் கொழுக்கட்டை கொட்டினனீ?

வீடியோ போடத்தான் வேணுமெண்டால் போடு, நான் மறிக்கேல்லை. பிள்ளையின்ர முகத்தை விட்டிட்டு என்ர கையை எடு. எண்ணெய் எவ்வளவு சூடு, முழங்காலில இருந்து எப்பிடி உருவுறது, மூக்கை எந்தளவுக்குப் பிடிக்கலாம் எண்டெல்லாம் நான் சொல்லித்தாறன். கறுத்த கை, சுருக்கம் விழுந்த கை, காப்பும் நெளிஞ்சு போச்சு. ஃபில்டரைக் கழட்டிப்போட்டு எடு. ஆனா சம்பளம் முதலே பேசவேணும், காசாத் தரவேணும். நப்பியாத் தரப் பாக்காதை, எனக்கு இன்னும் அந்த வயசு வரேல்லை.