லாண்ட்மாஸ்டர் பெட்டியில் குடும்பமும் குட்டிகளும்

செட்டிகுளத்துப் பக்கத்தில் குடும்பப் பயணத்துக்கென்றே செய்த வாகனத்தை வைத்திருப்பவர்கள் குறைவு. ஓடுபவற்றில் பாதி வேறு வேலைக்குப் பிறந்து, மடு மாதா கோயில் திருவிழாக் காலத்தில் மட்டும் ஆட்கள் ஏறுவதற்காக மாற்றப்படுபவை. இந்த மாற்றத்துக்குப் பட்டறை தேவைப்படாது. நாலு கம்பு, ஒரு தறப்பாள், பரப்புவதற்கு வைக்கோல், அதன்மேல் பன்பாய், எல்லாவற்றுக்கும் மேலாக யார் எங்கே இருப்பது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு ஆச்சி. இவை போதும்.

வடக்கில் இந்தக் கலையின் உச்சம் தட்டிவான். லொறிச் சட்டத்தின்மேல் மரத்தால் கூடு அடித்து, பின்பக்கம் ஒரு பலகைத் தட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டால் அது பஸ் ஆகிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதிலும் பருத்தித்துறை–கொடிகாமம் வீதியில், அது நீண்ட காலம் ஓடியது. உள்ளே ஆட்கள், தட்டியில் தேங்காய், வாழைக்குலை, மரக்கறிக் கடகம், ஆடு. சனம் கூடிவிட்டால் ஆடு உள்ளே போகும், ஆள் தட்டிக்கு வருவார். 1958 ஜனவரி 1 இல் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அரசாங்கத்தின் பஸ்ஸில் ஆட்டை ஏற்ற வேண்டுமென்றால் முதலில் கண்டக்டரின் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். தட்டிவானில் அந்தப் படிப்புத் தேவைப்படவில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வாகனம் மட்டுமல்ல, அது குடிப்பதும் மாறியது. சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, அது நம்பிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கார் போன திசையைப் பார்க்க வேண்டியதில்லை, மணமே சொல்லும்.

இன்று கையில் காசுள்ளவர்கள் வான் பிடிப்பார்கள், கொஞ்சம் குறைந்தவர்கள் பட்டா என்ற சிறு லொறி பிடிப்பார்கள். வயல்காரக் குடும்பத்துக்கு லாண்ட்மாஸ்டர். இரண்டு சில்லு உழவு இயந்திரம். பெட்டியைப் பூட்டினால் நாலு சில்லு. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். பலவற்றில் அதன் தலையிலேயே தண்ணீர்த் தாங்கி இருக்கும். ஓட ஓடத் தண்ணீர் கொதித்து ஆவியாகும், வழிநெடுக ஊற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டுபவர் இரண்டு நீளக் கைபிடிகளைப் பிடித்திருப்பார். இடப்பக்கக் கிளச்சை அழுத்தினால் அந்தப் பக்கச் சில்லுக்கு இழுவை அறுந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும்: இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் போகும். செட்டிகுளம் சமதரைதான், ஆனால் குளக்கட்டுகள் நிறைய. கட்டிலிருந்து இறங்கும்போது ஓட்டுபவர் வாய்மூடுவதும், பெட்டியில் இருப்பவர்கள் மடு மாதாவைக் கூப்பிடுவதும் இதனால்தான். சைவக் குடும்பமும் அந்த இடத்தில் மாதாவையே கூப்பிடும். போகும் வழி அவருடையது. பிள்ளையாரைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதே பெட்டிகள் 2008இலும் 2009இலும் சண்டைக்குத் தப்பி ஓடிய வன்னிச் சனத்தின் வீட்டைக் கூரைத் தகரம் வரை ஏற்றிக்கொண்டு கிழக்கே கிழக்கே போயின. அவிழ்த்துவிட்ட மாடுகளும் பின்னால் ஓடிவந்த நாய்களும் அந்தப் பயணத்தில் உண்டு. கடைசியில் அந்தச் சனம் வந்து சேர்ந்தது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு, பெட்டிகள் வரவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

திருவிழாப் பயணத்தில் வீட்டு விலங்குகள் ஏன் வர வேண்டும் என்று வெளியூரார் கேட்பதுண்டு. பக்கத்து வீட்டில் விட்டுப் போகலாமே என்பார்கள். பக்கத்து வீடும் அதே பெட்டியில்தான் ஏறியிருக்கிறது. குட்டி ஈன்ற ஆட்டைத் தனியே விட முடியாது. விட்டால் ஆச்சி வரமாட்டார். ஆச்சி வராவிட்டால் சமையல் சாமான் வராது.

நாயை யாரும் ஏற்றுவதில்லை. படலையிலிருந்து கல்லெறிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஜிம்மி, பறயனாலங்குளம் தாண்டும்போது பெட்டிக்குள் இருக்கும். எப்போது ஏறியது என்பதற்குப் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான், தெரியாது. வளர்ந்த நாய் காற்றுக்கு மூக்கைக் கொடுத்துச் சுகமாக வரும். குட்டி நாய் வாந்தி எடுக்கும். உட்காதின் சமநிலை உறுப்பு முழுதாக வளராதது அதற்கொரு காரணம். ஆட்டுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அசைபோடும் பிராணி, மேலே வருவதை மறுபடி மென்று விழுங்கிவிடும். இந்த நல்ல பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதது பெரிய குறை. கோழியைக் கடகத்தில் வைத்துச் சாக்கால் மூடினால் இருட்டு என்று நினைத்து அடங்கிவிடும். ஆனால் பயணக் களைப்பில் முட்டையை நிறுத்தும். பழி ஓட்டியவர்மேல் விழும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் ஒரு சிறு லொறியின்மேல் அறை கட்டி, சார்லி என்ற பூடில் நாயோடு தன் நாட்டைச் சுற்றினார். 1962இல் புத்தகம் வந்தது, அந்த ஆண்டே நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு ஆள், ஒரு நாய். செட்டிகுளத்தில் இதைச் சொன்னால், "அவ்வளவு இடத்தில் அவர் தனியாகவோ போனவர்?" என்று கவலைப்படுவார்கள்.

செட்டிகுளத்தில் ரயில் ஸ்ரேசனும் உண்டு. 1914இல் திறந்த தலைமன்னார்ப் பாதை 1990இல் நின்று, 2013இல் மடு வீதி ஸ்ரேசன் வரை திரும்பி வந்தது. ரயில் விரைவானது, குலுக்காதது. ஆனால் விறகுக்கட்டும் கிடாரமும் ஆடும் அதில் ஏறமாட்டா என்பதால் குடும்பம் மன்னார் வீதி வழியே போய், மடுச் சந்தியில் திரும்பிக் காட்டுப் பாதையைப் பிடிக்கிறது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உள்ளது. பொழுதுபடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஜிம்மி யானையைப் பார்த்துக் குரைக்குமா என்பது வழி முழுக்க நடக்கும் விவாதம். யானை மணம் வந்ததும் அது ஆச்சியின் சீலைக்குள் போய்விடுவதால் விவாதம் முடிந்துவிடும். பிறகு ஆச்சிக்கு யார் காவல் என்று அடுத்தது தொடங்கும்.

மடுவில் கொடியேற்றம் ஆகஸ்ட் 6, பெருவிழா 15. அங்கே வாழும் மாதா சொரூபமும் பயணப்பட்டு வந்ததுதான்: ஒல்லாந்தருக்குத் தப்பி 1670 அளவில் மாந்தையிலிருந்து வந்தது, 2008 ஏப்ரலில் சண்டைக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போய் ஆகஸ்டில் திரும்பியது. மரநிழலில் கூடாரங்கள் எழும். லாண்ட்மாஸ்டர் பெட்டியின் தறப்பாளை அவிழ்த்தால் வீடு, மூடினால் வாகனம். ஆட்டை மரத்தில் கட்டினால் குரங்கு வரும்; குரங்கைத் துரத்த நாய் வேண்டும்; நாய் அடுத்த கூடாரத்து மீன்தலையோடு இருக்கும். நவநாள் முழுவதும் ஆச்சி இரண்டு வேண்டுதல் வைப்பார்: ஒன்று பேரனின் சோதனைக்கு, மற்றது கோழி மறுபடி முட்டையிடுவதற்கு. முதலாவது பலித்ததா என்பது பெறுபேறு வரும்போதுதான் தெரியும்.

திரும்பும் நாளில் பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண் கொஞ்சம் முடிந்துகொள்வார்கள். பிறகு எண்ணிக்கை. ஆட்களை ஆச்சி எண்ணுவார், சரியாக வரும். ஆடு, குட்டி, கோழி, அவையும் சரி. நாய் மட்டும் இரண்டாக இருக்கும். மடுவில் பழகிய நாயைப் பிள்ளைகள் சாக்குக்கு அடியில் ஒளித்திருப்பார்கள். மடுச் சந்திக்கு முன்னரே பிடிபடும், ஆனால் காட்டுப் பாதையில் யாரும் இறக்கிவிடத் துணியமாட்டார்கள். அதற்கும் ஜிம்மி என்றே பெயர் வைப்பார்கள். ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டும் வரும்.